பிரசவ அறையிலிருந்து தொடங்குங்கள்: சுமத்ராப் புலி வளர்ப்பவருக்கு

உயிரியல் பூங்காவில் புலிக்கு இடம் கட்டப்போகிறோம் என்று யார் வரைபடத்தை விரித்தாலும், அதில் முதலில் வரைந்திருப்பது பார்வையாளர் நிற்கும் இடம்தான். கண்ணாடி எங்கே, அருவி எங்கே, படம் எடுக்க எந்தப் பக்கம் வசதி. நான் 22 ஆண்டுகள் புலிக் கூண்டுகளில் வேலை செய்தவன். அதில் 14 ஆண்டுகள் சுமத்ராப் புலிகளோடு. வரைபடத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தாய் எங்கே குட்டி போடும்? அதற்கு விடை கிடைத்த பிறகு குளத்தைப் பற்றிப் பேசலாம், கண்ணாடியைப் பற்றிப் பேசலாம்.

பாலித் தீவின் புலியும் ஜாவாவின் புலியும் போன நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டன. இந்தோனேசியாவில் மிச்சம் இருப்பது சுமத்ராவில் மட்டும். கெரிஞ்சி செப்ளாட், குனுங் லெயுசர், புக்கிட் பாரிசான் செலாத்தான் போன்ற காடுகளில் எல்லாம் சேர்த்து 400 முதல் 600 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் கூண்டில் பிறக்கும் குட்டி அந்தக் கணக்கில் சேராது. ஆனால் காட்டில் பெரிய இழப்பு வந்தால் பின்னால் நிற்க ஓர் ஆரோக்கியமான கூட்டம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை. பார்வையாளர் எண்ணிக்கைக்காகக் குட்டி வேண்டும் என்று யாராவது கேட்டால், அங்கே நான் உதவ மாட்டேன்.

குட்டி போடும் அறை

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கண்காட்சிப் பக்கத்திலிருந்து தள்ளி, வண்டி ஓடும் பாதை இல்லாத மூலையில், அடுத்தடுத்து இரண்டு இருட்டறைகள். உள்ளே தரையிலிருந்து சற்று உயர்த்திய மரப்பலகைத் தளம், அதன்மேல் வைக்கோல். வாசலில் ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்குக் கட்டை. தாய் எளிதாகத் தாண்டிவிடும், கண் திறக்காத குட்டி தவழ்ந்து வெளியே உருளாது. இருட்டிலும் படம் எடுக்கும் கேமரா, கூடவே ஒரு மைக். கேமராவை எல்லாரும் மறக்காமல் வைக்கிறார்கள், மைக்கை விட்டுவிடுகிறார்கள். குட்டிகள் பால் குடிக்கும் சத்தத்தையும் பசியில் கத்தும் சத்தத்தையும் காதால்தான் பிரித்தறிய முடியும். தாயின் உடம்பு எப்போதும் கேமராவை மறைத்துக்கொண்டுதான் படுத்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் பிரசவத்துக்குப் பல மாதம் முன்பே பொருத்திவிடுங்கள். கடைசி வாரத்தில் சுவரில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தால் தாய் அந்த அறையை நம்பாது.

இரண்டு அறை ஏன் என்பதை நான் வலியோடுதான் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் நான் இருந்த ஓர் இடத்தில் அறை ஒன்றுதான். முதல் பிரசவம். மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வடிகால் வேலைக்காக ட்ரில் போட்டார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்டு வைத்திருக்கவில்லை. தாய் ஒரு குட்டியைக் கவ்வி எடுத்தது. வேறு இடம் கொண்டுபோக வேண்டும், வேறு இடமே இல்லை. ஆறு மணி நேரம் வாயில் குட்டியோடு அந்த அறைக்குள்ளேயே சுற்றி வந்தது. மறுநாள் கழுத்தில் புரையோடிய காயத்தோடு குட்டி இறந்துவிட்டது. காட்டில் தாய்ப்புலி ஆபத்து தெரிந்தால் குட்டிகளை இடம் மாற்றும். அந்தத் தாயும் அதைத்தான் செய்யப் பார்த்தது. மாற்ற ஓர் இடத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

சுவரும் கதவும்

வெளி அடைப்பிடத்துக்குச் சுவரோ வலையோ குறைந்தது 5 மீட்டர் உயரம், மேலே உள்பக்கமாக மடங்கிய விளிம்பு. 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் ஃபிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில் ஒரு சைபீரியப் புலி அகழியைத் தாண்டி வெளியேறி ஓர் இளைஞரைக் கொன்றது. அளந்து பார்த்தபோது சுவர் சுமார் 3.8 மீட்டர்தான் இருந்தது. பல ஆண்டுகள் அதே சுவருக்குள் புலிகள் அமைதியாக இருந்திருக்கின்றன. ஒரு புலி இதுவரை தாண்டவில்லை என்பது அதனால் தாண்ட முடியாது என்பதற்குச் சான்று ஆகாது.

உள்ளே மண் தரை, அடர்ந்த செடி. சுமத்ராப் புலி உயிரோடிருக்கும் புலிகளில் சிறியது. ஆண் 100 முதல் 140 கிலோ, பெண் 75 முதல் 110 கிலோ. அடர்ந்த மழைக்காட்டில் மறைந்து வாழ்ந்த உடம்பு அது. பொட்டல் வெளியில் விட்டால் சுவரோரம் நடந்து நடந்து தடம் போட்டுவிடும். மேடைகள், கீறுவதற்கு மரக்கட்டைகள், ஒன்றின் பார்வையிலிருந்து இன்னொன்று விலகிப்போக மறைப்புகள். எதை வைத்தாலும் இரண்டாக வையுங்கள். ஒரே ஒரு நல்ல மேடை இருந்தால் அது சண்டைக்கான மேடை. குளிர் நாடுகளில் சூடான உள்ளறையும் படுக்கத் தகுந்த வெதுவெதுப்பான பலகையும் கட்டாயம்.

இரவுக் கூண்டுகளுக்கு இடையிலான கதவுகள் பக்கவாட்டில் நகர்பவையாக இருக்கட்டும். மேலிருந்து விழும் கதவு வாலையும் காலையும் நசுக்கும். கதவை இயக்கும் இடத்திலிருந்து கதவின் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வலையில் விரல் நுழையக் கூடாது, பாதம் வெளியே வரக் கூடாது. நடைபாதையின் நடுவில் நின்றால் இரு பக்கக் கூண்டுகளிலிருந்தும் பாதம் எட்டாத அகலம் வேண்டும். உள்ளே நுழைவதற்கு முன் எத்தனை புலி, எந்தெந்தக் கூண்டில் என்று வாயால் எண்ணிச் சொல்வது எங்கள் வழக்கம். எண்ணுபவர் ஒருவர், பூட்டை இழுத்துப் பார்ப்பவர் இன்னொருவர். பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் இதைச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவருக்குத்தான் எண்ணாமல் விட்டுவிடும் பழக்கம் வரும்.

கழுவுவதில் இரண்டு எச்சரிக்கை. ஃபீனால் கலந்த கிருமிநாசினி பூனைக் குடும்பத்துக்கு நஞ்சு, அதை வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம், எல்லா அறைகளையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். புலி அடித்து வைத்த வாசனைதான் அதற்குத் தன் வீடு.

சாப்பாடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய புலிக்கு நாளுக்குச் சுமார் 4 முதல் 6 கிலோ, வாரத்தில் ஒரு நாள் பட்டினி அல்லது எலும்பு மட்டும். வெறும் சதையில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல 15 மடங்குக்கும் மேல். எலும்பில்லாத இறைச்சியில் வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும். எலும்போடும் தோலோடும் முழு உடலாகக் கொடுப்பது பல்லுக்கும் ஈறுக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. மருந்து போட்டுக் கருணைக்கொலை செய்த விலங்கின் இறைச்சி வேண்டாம். அந்த மருந்து இறைச்சியில் தங்கி நிற்கும். பச்சைக் கோழியில் கவனம் தேவை. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளைத் தின்று, அங்கிருந்த 441 புலிகளில் 147 செத்தன அல்லது கொல்லப்பட்டன.

யாரோடு யார்

உங்களிடம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கின்றன என்பதால் சேர்த்துவிடக் கூடாது. ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்கா 1970களிலிருந்து பன்னாட்டுப் புலி வம்சாவளிப் பதிவேட்டைப் பராமரித்து வந்திருக்கிறது. ஒவ்வொரு புலிக்கும் ஓர் எண், தாய் தகப்பன் பெயர், போன இடம், வந்த இடம். 1992இல் சுமத்ராவின் பாடாங் நகரில் வல்லுநர்கள் கூடிக் காட்டுப் புலிகளின் எதிர்காலத்தோடு கூண்டுப் புலிகளையும் சேர்த்து யோசித்தார்கள். இன்று இந்தோனேசியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யத் தனித்தனியாக ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். மேற்கு ஜாவாவில் சிசாருவாவில் உள்ள தாமான் சஃபாரி என்னும் உயிரியல் பூங்கா இதில் முக்கியமான இடம்.

ஒருங்கிணைப்பாளர் பார்ப்பது எளிமையான ஒரு விஷயம். மொத்தக் கூட்டத்திலும் யாருக்குச் சொந்தக்காரர்கள் குறைவோ, அந்தப் புலிக்கு முதல் வாய்ப்பு. அழகான புலி, சாதுவான புலி, பார்வையாளருக்குப் பிடித்த புலி என்பதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் செல்லப் புலிக்கு ஏற்கெனவே அக்கா தங்கைகளும் பேரன் பேத்திகளும் நிறைய இருந்தால், அது கடைசிவரை குட்டி போடாமலே இருக்க நேரலாம். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிதான். வேறு வகைப் புலியோடு கலப்பது அறவே கூடாது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பட்டியலில் புலி இருப்பதால் நாடு விட்டு நாடு வருவதற்கான அனுமதிகளுக்கே பல மாதம் ஆகும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பெண் புலியை அதிக நாள் காக்க வைப்பதும் நல்லதல்ல. மூன்று, நான்கு வயதில் தயாராகிவிடும். ஒருமுறைகூடக் குட்டி போடாமல் பத்து வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கருப்பையில் கோளாறு வருவது அதிகம், பிறகு சினை நிற்பது கடினம். கருத்தடை மருந்து கொடுப்பதாக இருந்தால் இதை மனதில் வைத்து மருத்துவரோடு பேசுங்கள்.

அறிமுகம்

இதுதான் ஆபத்தான கட்டம், இங்கே அவசரப்படவே கூடாது. முதலில் வாசனை: இவன் படுத்த வைக்கோலை அவள் அறையில், அவள் உரசிய கட்டையை இவன் அறையில். அப்புறம் கூண்டுகளை மாற்றி விடுவது. அப்புறம் வலைக் கதவு வழியே பார்வை. இருவருக்கும் நடுவில் வலை இருக்க, அருகருகே சாப்பிட்டு அருகருகே தூங்கும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும்? உதட்டை மூடிக்கொண்டு மூக்கு வழியே 'ஃப்ர்ர்ஃப்' என்று விடும் மெல்லிய ஒலியை நாங்கள் 'சஃப்' என்போம். அது நட்பின் ஒலி. இருவரும் சஃப் செய்ய வேண்டும். ஒருவர் செய்து மற்றவர் காதை மடக்கிக்கொண்டு முறைத்தால் போதாது. பெண் பருவத்துக்கு வந்தால் தரையில் உருளும், கன்னத்தைக் கம்பியில் தேய்க்கும், அடிக்கடி சிறுநீர் பீய்ச்சும், வலையருகே வந்து பின்பக்கத்தைத் தூக்கிப் படுக்கும், இரவெல்லாம் நீளமாகக் கூப்பிடும். இது 3 முதல் 7 நாள் நீடிக்கும். முதல் சந்திப்பு இந்த நாட்களில்தான் இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் தவறலாம். 2019 பிப்ரவரியில் லண்டன் பூங்காவில், டென்மார்க்கிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்த ஆசிம் என்ற ஆணை மெலாட்டி என்ற பெண்ணோடு முதன்முறை சேர்த்தபோது, ஆண் பெண்ணைக் கொன்றுவிட்டது. ஒலியெழுப்பியும் தீப்பொறிக் குச்சிகளைக் கொளுத்தியும் திசைதிருப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. பிறகு அதே ஆசிம் வேறொரு பெண்ணோடு சேர்ந்து குட்டிகளுக்குத் தகப்பனானது. அந்தச் செய்தி வந்த நாளில் நாங்கள் எங்கள் ஜோடியை வலைக் கதவின் இரு பக்கத்தில் வைத்திருந்தோம். இன்னும் ஐந்து வாரம் தள்ளிப்போட்டோம்.

சந்திக்கும் நாளில் இருவரும் வயிறு நிறைந்திருக்கட்டும். எல்லா உள்கதவுகளும் திறந்திருக்கட்டும், முட்டுச்சந்து எங்கும் வேண்டாம். தீயணைப்புக் குழாய் அழுத்தத்தோடு கையில், கம்ப்ரஸ்டு ஏர் ஹாரன், மருத்துவர் மயக்க மருந்தோடு அருகில். ஒவ்வொருவரும் எந்தக் கதவுக்குப் பொறுப்பு என்பது முந்தைய நாளே முடிவாகியிருக்க வேண்டும். புணர்ச்சி ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஆண் பிடரியைக் கவ்வும், முடிந்ததும் பெண் திரும்பி ஓங்கி அறையும். அதைச் சண்டை என்று நினைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிவிடாதீர்கள். ஆண் விலகி ஓடி, சற்று நேரத்தில் இருவரும் மறுபடி நெருங்கினால் எல்லாம் சரி. ஒரு நாளில் பல பத்து முறை நடக்கும், அதுவும் தேவைதான். புணர்ச்சியின் தூண்டுதலால்தான் பெரும்பாலும் கருமுட்டையே வெளிவரும்.

காத்திருப்பு

சினை சராசரியாக 103 நாள். 93க்கு முன்போ 112க்குப் பின்போ வருவது அரிது. முதல் புணர்ச்சி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வயிறு கடைசி இரண்டு மூன்று வாரம் வரை பெரிதாகத் தெரியாது. பொய்ச்சினையும் உண்டு, ஆகவே சாணத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற சினை ஹார்மோனின் சோதனை நல்ல வழி. பொய்ச்சினை என்றால் அளவு பாதி வழியில் இறங்கிவிடும், உண்மைச் சினையில் கடைசிவரை நிற்கும்.

பயிற்சி இங்கே பலன் தரும். எங்கள் பெண் புலியை நாங்கள் பெரியவள் என்று கூப்பிடுவோம். நுனியில் பந்து கட்டிய குச்சியைக் காட்டினால் வலையோரம் நீளமாகச் சாய்ந்து படுத்துவிடுவாள். முன்பக்கம் ஒருவர் ஆட்டுப்பாலைப் பீய்ச்சும் பாட்டிலால் நக்கக் கொடுப்பார், பின்பக்கம் மருத்துவர் வாலில் ரத்தம் எடுப்பார். இந்தப் பழக்கத்துக்கு எட்டு மாதம் ஆனது. அதனால் ஒருமுறைகூட மயக்க மருந்து கொடுக்காமல் ஸ்கேன் எடுத்தோம், குட்டிகளின் இதயத்துடிப்பு தெரிந்தது.

90ஆம் நாளுக்குப் பிறகு ஆணைத் தனியே வையுங்கள். பெண்ணுக்கு இரண்டு பிரசவ அறைகளும் திறந்திருக்கட்டும், எதைத் தேர்வது என்பது அவள் விருப்பம். அந்தப் பக்கம் போகும் ஆட்களை இரண்டு பேராகக் குறையுங்கள், அதே இரண்டு பேர். கட்டட வேலை, புல்வெட்டும் எந்திரம், விருந்தினர் வருகை எல்லாவற்றையும் ஆறு வாரத்துக்கு நிறுத்தச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

பெரியவளுக்கு 104ஆம் நாள் இரவு வலி கண்டது. நானும் இளம் பராமரிப்பாளர் ஒருவரும் வேறு கட்டடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதல் குட்டி பதினொன்றரை மணிக்கு. இரண்டாவது ஒரு மணி நேரம் கழித்து, பிறந்தது அசையவில்லை.

"அண்ணே, ரெண்டாவது அசையவே மாட்டேங்குது. போய்ப் பார்க்கவா?"

"இரு தம்பி. அவ பார்த்துக்குவா."

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பெரியவள் அதைப் புரட்டிப் புரட்டி நக்கிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடம். மைக்கில் முதலில் ஒரு கீச்சுக் குரல், அப்புறம் இன்னொன்று. நாங்கள் கதவருகே போயிருந்தால் அவள் நக்குவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்திருப்பாள்.

அதற்காக எப்போதும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எப்போது தலையிடுவது என்ற வரம்பை மருத்துவரோடு முன்பே எழுதி வையுங்கள், நடுராத்திரியில் பதற்றத்தோடு முடிவெடுக்காதீர்கள். கடும் வலி நீண்ட நேரம் தொடர்ந்தும் குட்டி வராவிட்டால், அல்லது 24 மணி நேரத்துக்குள் எதுவும் பால் குடிக்காவிட்டால் தலையிடுவது என்பது எங்கள் வரம்பு. புட்டிப்பால் கடைசி வழி. மனிதர் கையில் தனியே வளரும் புலிக்குப் புலியோடு பழகத் தெரியாமல் போகும், பின்னாளில் இணைசேர்வதும் தாயாவதும் சிக்கலாகும்.

வெளியே வருவது

பிறந்த குட்டி சுமார் ஒரு கிலோ, நன்றாகப் பால் குடித்தால் நாளுக்கு 100 கிராம் அளவில் ஏறும். ஓரிரு வாரத்தில் கண் திறக்கும். எட்டு வார அளவில் முதல் பரிசோதனை: எடை, ஆணா பெண்ணா, மைக்ரோசிப், தடுப்பூசி. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளில் மருத்துவர் மிகக் கவனமாக இருக்க வேண்டும், குறிப்பாக டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கு நாய்களுக்குப் போடும் ஊசியில். வேகமாக முடித்துவிட்டு, கையுறையைத் தாயின் வைக்கோலில் தேய்த்துக்கொண்டு குட்டிகளைத் திரும்ப வையுங்கள்.

குளத்தை வற்ற வையுங்கள். முழுவதும். 2013இல் லண்டனில், 17 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே பிறந்த முதல் புலிக்குட்டி சில வாரத்திலேயே குளத்தில் மூழ்கி இறந்தது. தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வராது என்று நம்பி ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். பிரசவத்துக்கு முன்பே வற்ற வைத்து, குட்டிகள் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சாண், இரண்டு சாண் என்று ஏற்றுங்கள். கரை சரிவாக இருக்க வேண்டும். செங்குத்துக் கரையில் நனைந்த குட்டியால் ஏற முடியாது.

குட்டிகள் 18 முதல் 24 மாதம் வரை தாயோடு இருக்கட்டும். தாய் உறுமி விலக்கத் தொடங்கும் நாள் நமக்கும் தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்பே, குட்டியை வேறு பூங்காவுக்கு அனுப்பும் பயணப் பெட்டியை அடைப்பிடத்தில் இரு கதவும் திறந்தபடி வைத்து, உள்ளே சாப்பாடு கொடுங்கள். பெரியவளின் இரண்டாவது குட்டி, நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தவன், கிளம்பும் நாளில் தானே நடந்துபோய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டான். அவனோடு ஒரு மூட்டை பழைய வைக்கோல், அவன் கீறிய கட்டை, எந்தச் சொல்லுக்கு வருவான், எந்தப் பக்கம் மென்றால் வலிக்கும் என்று ஐந்து பக்கம் எழுதிய குறிப்பு. போய்ச் சேர்ந்த மறுநாள் அங்கிருந்து அழைத்தார்கள்: பெட்டியை விட்டு வரவில்லை, சாப்பிடவில்லை. அந்த வைக்கோலை அறையின் இருட்டு மூலையில் கொட்டிவிட்டு, எல்லாரும் வெளியே போய்விடுங்கள் என்றேன். அன்று இரவு மூன்று கிலோ சாப்பிட்டிருந்தான்.